சிதைவை மறைப்பது செப்பனிடுதல் ஆகாது

பழுதுற்ற காணொளிக் கோப்பு ஒன்று கைக்கு வந்தால், ‘வேறு வடிவத்துக்கு மாற்றிவிடு, எல்லாம் நேராகிவிடும்’ என்று அறிவுரை கூறுவோர் இன்று மலிந்துள்ளனர். மாற்றிய கோப்புத் தடையின்றி ஓடுவதும் உண்மையே. அவ்வோட்டத்தைக் கண்டு மகிழ்ந்து முதற்கோப்பை அழித்தும் விடுகின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

காணொளியில் நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்று கொள்வோம். அவை அனைத்தும் கோப்பினுள் முழுமையாக எழுதப்படுவதில்லை. முதலில் ஒரு முழுப்படம்; அதனை அடுத்து வருவன, மாறிய பகுதியை மட்டும் குறிக்கும் சார்புப் படங்கள். 1990களில் எழுந்த எம்பெக்-2 முறையில் அமைந்த ஒளிவட்டுகளில் 12 அல்லது 15 படங்களுக்கு ஒருமுறை முழுப்படம் வரும். 2003இல் வந்த எச்.264 முறையிலோ, எக்ஸ்264 என்னும் குறியாக்கி தன் இயல்பான அமைப்பில் 250 படங்கள் வரை முழுப்படமின்றிச் செல்ல இடந்தரும். அஃதாவது பத்து நொடி. முழுப்படத்தில் ஒரு துணுக்குச் சிதைந்தாலும், அடுத்த முழுப்படம் வரும்வரை அக்கறை படர்ந்துகொண்டே போகும். முகம் கட்டங்கட்டமாகச் சிதறுவதும் சாம்பல் நிறம் பரவுவதும் இதனாலேயே.

இந்நிலையில் மாற்றும் மென்பொருள் என் செய்கின்றது? படிக்க இயலாத இடத்தில் முந்தைய படத்தின் துண்டையோ அண்டைப் பகுதியின் நிறத்தையோ இட்டு ஒட்டுகின்றது. ஒட்டியதையே புதிய படமாக எழுதிவிடுகின்றது. பழைய கோப்பைத் திறந்தால் ‘இவ்விடம் பழுது’ என்று கருவி முறையிடும். புதிய கோப்பிலோ கறையும் முறையான படமே! நோய் தீரவில்லை, நோயாளியின் வாய் கட்டப்பட்டது, அவ்வளவே.

புறநானூற்றை 1894இல் அச்சிட்ட உ. வே. சாமிநாதர், 267, 268ஆம் பாட்டுகள் கிடையாமையால் அவ்வெண்களை வெற்றிடமாகவே விட்டார். தாமே பாட்டுக் கட்டி நிரப்பத் தெரியாமலா விட்டார்?

செப்பனிடும் முறைதான் யாது? முதற்கோப்பைத் தொடாமல் படி எடுத்து அப்படியிலேயே பணி செய்தல் வேண்டும். ஒளிவட்டாயின் வேறொரு படிப்பியிலும் இட்டுப் பார்க்க. ஒன்று கைவிட்ட பகுதியை மற்றொன்று படித்துவிடுவதுண்டு. அதன்பின், 2000இல் பபிரீசு பெல்லார்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் கருவியைக் கொண்டு, எங்கும் எழுதாமல் முழுக்கோப்பையும் படிக்கச் செய்தால், பிழைகளை அதுவே சொல்லும். எல்லாப் பிழையும் படத்தில் இருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. பதிவின் இடையே மின்கலம் தீர்ந்து நின்ற எம்பி4 கோப்பில் பெரும்பாலும் படங்கள் நலமாகவே இருக்கும். இறுதியில் எழுதப்பட வேண்டிய அட்டவணைதான் இராது. அதே கருவியில் எடுத்த நல்ல கோப்பைத் துணைகொண்டு அதனை மீளக் கட்டலாம். படமே அழிந்த இடத்தை வெட்ட நேர்ந்தால் ஒலியையும் உடன் வெட்டுக. 12 படங்களை மட்டும் நீக்கினால் உதடும் சொல்லும் ஏறத்தாழ அரை நொடி பிறழும். இத்தனையும் முடிந்த பின்னரே வடிவமாற்றம்.

மாற்றிய பின்னும் முதற்கோப்பு இருக்கட்டும். வன்தட்டில் இடமில்லை என்பார் சிலர். மறைந்த தாயின் முகமும் குரலும் பதிந்த ஒருமணி நேரக் காணொளிக்கு, பார்த்து முடித்த இரண்டு திரைப்படங்களை அழித்தால் இடம் கிடைத்துவிடும்.