அரும்பு, மொட்டு, மலர்... அப்புறம் அப்லோடு

மாட்டுப் பொங்கல் பார்வேட்டைக்கு காஞ்சி வரதர் பழையசீவரம் வருவார் இல்லையா, இந்தத் தடவை அத்தையோட போயிருந்தேன் மக்களே. அத்தை ஆரம்பப் பள்ளி டீச்சர். மலை இறங்குற வரைக்கும் பள்ளிக்கூடப் பேச்சுதான்.

2022-ல 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு. எட்டு வயசுக்குள்ள எல்லாப் பிள்ளையும் எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிஞ்சிருக்கணும்ங்கறது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர்னு நிலைகள். மதிப்பீட்டுக்கு மொபைல் ஆப்.

"இலக்கு நல்லதுதான்டா. 2007-ல செயல்வழிக் கற்றல் மாநிலம் பூரா வந்தப்போ அட்டையும் ஏணிப்படியும் இருந்துச்சு. அடுத்து எந்த அட்டைன்னு பிள்ளையே போய் எடுத்துக்கும். இப்ப பிள்ளையோட நிலை மொதல்ல ஆப்புக்குத்தான் தெரியுது"ன்னாங்க.

பொட்டி தட்டற எனக்கு சுருக்குன்னுச்சு. நான் எழுதின ஃபார்ம்ல எத்தனை கட்டாயக் கட்டம்! அதை நிரப்பறவங்க முகத்தை ஒருநாளும் பார்த்ததில்ல.

ஆப் வேணாம்னு சொல்லல. பேப்பர் ரெஜிஸ்டர் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? ஆனா மேலே போற டேட்டா, மறுநாள் காலையிலயே 'இந்த நாலு பேருக்கு கழித்தல்ல சிக்கல்'னு டீச்சர் கைக்குத் திரும்பி வரணும். இல்லேன்னா அது பாடம் நடத்த உதவற கருவி இல்ல, இன்னொரு ரெஜிஸ்டர், அவ்ளோதான்.

கோடு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்கப்பா. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வாத்தியார் பதிவர்களே, நான் சொல்றது சரியா? பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)