மலைக்குடிகளின் வரும்படி

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் தளிஞ்சி, குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு முதலிய ஊர்கள் இருக்கின்றன. புலையரும் முதுவரும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகின்றனர். இவர்களது ஜீவனத்தை ஆராயப் புகுவோர், குடும்பத்திற்கு மாதம் எத்தனை ரூபாய் என்றே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பது நமது அபிப்பிராயம்.

மலைக்குடியானவன் சோம்பேறியல்லன். தைலப்புல்லைக் காய்ச்சித் தைலம் இறக்குகிறான், ராகியும் பீன்ஸும் விளைவிக்கிறான், தேன் எடுக்கிறான். ஆனால் சரக்கைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு வருபவன் விலை பேச முடியுமா? திரும்பச் சுமந்து மலையேற இயலாதவன், வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தே தீரவேண்டும். பாதையில்லாமை அவன் வரும்படியில் பிடிக்கப்படும் வரியேயாகும்.

சராசரிக் கணக்கு இதை நமக்குக் காட்டாது. கனடா தேசத்தின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களுக்கென 1999-ம் வருஷத்தில் நுனாவுட் என்ற பிரதேசம் ஏற்பட்டது. உத்தியோகத்துக்காக அங்கே வந்த வெளியாரின் சம்பளத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் பிரதேசம் செழிப்பாகத் தோன்றும். ஆனால் இனூயிட் தாயகத்தில் அம்மக்களில் பாதிப்பேர் இடநெருக்கடியான வீடுகளில் வசிப்பதாக 2021-ம் வருஷத்து ஜனக்கணக்கு கூறுகிறது. உடுமலைத் தாலுகாவின் சராசரியிலும் மலைக்குடும்பங்கள் இவ்வாறே மறைந்துபோகும்.

பாதையைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. அது சட்டத்தில் இருக்கிறது. 2006-ம் வருஷத்து வனவுரிமைச் சட்டம், உழும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரையிலும், தேன் முதலிய சிறுவனப் பொருள்களிலும் உரிமை வழங்குகிறது. முதுவர் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால், 2005 டிசம்பர் 13-க்கு முன் நிலம் தம் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் பட்டியல் ஜாதியில் சேர்க்கப்பட்டுள்ள புலையரோ, அத்தேதிக்கு முன் 75 ஆண்டுகள், அதாவது 1930 முதல், அவ்வனத்தில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே மலை, ஒரே ஜீவனம். நியாயம் மட்டும் இரண்டா? எல்லைக்கு அப்பால் கேரளத்தில் மலைப்புலையர் பழங்குடியினராகவே கருதப்படுகின்றனர். மலைச்சரிவு மாறினால் குலமும் மாறிவிடுமோ?

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பார்லிமெண்டுக்கே உரியது. ராஜ்ய சர்க்கார் தாமதமின்றிச் சிபார்சு செய்து, அது நிறைவேறும்வரை வற்புறுத்த வேண்டும். அதுவரை வாளாவிருக்க வேண்டுவதில்லை. மனுதாரரல்லாத முதியோர் கூறும் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் சாட்சியமென்று அச்சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. குறிப்பிட்ட தஸ்தாவேஜுதான் வேண்டுமென்று அதிகாரிகள் பிடிவாதம் செய்யலாகாதென்பதும் 2012-ம் வருஷத்துத் திருத்தம். பாதைக்கும் வழியுண்டு, கிராம சபை சிபார்சு செய்தால், சட்டம் வகுத்த அளவுக்குள் சாலைக்கும் பள்ளிக்கும் வனநிலம் ஒதுக்க அதே சட்டம் இடந்தருகிறது.

1930-ஐ நேரில் கண்டவர் இன்று தொண்ணூற்றைந்து வயதைக் கடந்தவர். அவரையும், அவர் வாய்மொழியைக் கேட்டு வளர்ந்தவரையும் காலம் நமக்காக வைத்திராது. மேடையில் மலைமக்களுக்காகக் கண்ணீர் விடும் தொண்டர்கள், காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மலையேறுவார்களாக. அம்முதியோர் கண்மூடுமுன் அவர்கள் சாட்சியம் எழுத்தில் ஏற வேண்டும்.