குற்றம் ஒருவனுக்கு, தண்டனை ஒருத்திக்கு

சகோதரன் தீவிரவாதிகளுடன் சேர்ந்துவிட்டான் என்று செய்தி. தண்டனை சகோதரிக்கு. கணவன் தலாக் சொல்கிறான், போலீஸ் துருவுகிறது, கடலோர முஸ்லிம் கிராமத்தில் அவளுக்கும் மனநிலை பிறழ்ந்த தாய்க்கும் இடமில்லாமல் போகிறது.

சஜின் பாபுவின் 'பிரியாணி' (2019) உட்கார்ந்து பார்க்கச் சுலபமான மலையாளப் படம் அல்ல. கடைசி விருந்து சற்று மிகைதான். ஆனால் கதீஜாவாக வரும் திருவனந்தபுரத்துக் கனி குஸ்ருதியிடம் மிகை எதுவுமில்லை. 2020இல் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்ததும் அதை பி.கே. ரோஸிக்குச் சமர்ப்பித்தார் கனி. ரோஸி, மலையாளத்தின் முதல் கதாநாயகி, தலித். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியலின் 'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்த 'குற்ற'த்துக்காக இதே திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்டவர். தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தவர் பிறகு நடிக்கவேயில்லை. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.