மனை உங்களுடையது, முள் ஊருக்கு

'பட்டா என் பெயரில், வரியும் கட்டுகிறேன்; புதர் மண்டினால் பேரூராட்சிக்கு என்ன வந்தது?' காலிமனைக்கு நோட்டீஸ் வந்தால் எழும் இந்த வாதத்தைச் சட்டம் ஏற்றதில்லை. சென்னை மாகாணத்தின் 1919-ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டமே, அரசு அறிவிக்கும் களையை நிலத்தை வைத்திருப்பவர் ஒழிக்க வேண்டும், தவறினால் அரசு ஒழித்துச் செலவை வசூலிக்கும் என்றது. களைக்குச் சர்வே கல் தெரியாது. ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. அரிப்பும் மூச்சிரைப்பும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. சீமைக் கருவேலத்தின் இனிப்பான நெற்றைத் தின்ற ஆடு, புழுக்கையோடு விதையை அடுத்தவர் கொல்லையில் போட்டுவிட்டுப் போகிறது.

'அதுவும் மரம்தானே' என்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் உண்டு. அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சும் என்று பரவிய கதைக்கு ஆதாரமில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் வேகமெடுத்த அகற்றும் பணிக்கு, ஆய்வில்லாமல் வெட்டலாமா என்ற வழக்கில் 2017 ஏப்ரலில் இடைக்காலத் தடையும் வந்தது. ஆனால் அது மாநிலம் முழுக்க வேரறுப்பது பற்றிய வழக்கு. வீடுகளுக்கு நடுவே பாம்பும் குப்பையும் அடையும் மனைக்கு அதைச் சாக்காகச் சொல்வது பொருந்தாது.

'வெட்டினால் மறுபடி முளைக்கும், காசுக்குக் கேடு' என்பதுதான் பலமான மறுப்பு. முழங்கால் உயரத்தில் அரிவாளால் வெட்டினால் முளைக்கத்தான் செய்யும். ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து கிளம்பும். மண் இளகியிருக்கும் மழைக்காலத்தில் தூரோடு பெயர்த்து, பிறகு வரும் கன்றுகளைப் பிடுங்கினால் கதை வேறு. பெருந்தூர் என்றால் விறகுக்கும் கரிக்கும் வாங்க ஆளுண்டு, செலவில் ஒரு பங்கு திரும்பும். வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்கொல்லைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொட்டை உதிரும் முன் மரத்தடியைச் செதுக்கிச் சுத்தம் செய்யாவிட்டால், விழுந்த கொட்டை புல்லுக்குள் போய்விடும். அடுத்த வருஷமும் புல் முளைக்கும் என்று அந்த வேலையை யாரும் விட்டுவிடுவதில்லை.

'எளியவருக்கு மட்டும்தான் நோட்டீஸ், புறம்போக்கில் நிற்கும் முள்ளை யார் கேட்பது?' இதற்கு என்னிடம் எதிர்வாதமில்லை. ஆனால் இது விதியைக் கைவிடக் காரணமாகாது, பேரூராட்சி தன் வாய்க்கால் கரையிலிருந்து தொடங்கக் காரணம். வெளியூரில் இருக்கும் மனைக்காரருக்குத் தையிலேயே நோட்டீஸ் போகட்டும். நெற்று பழுத்து உதிர்ந்த பிறகு போவதில் பயனில்லை. வரவில்லையென்றால் பேரூராட்சியே அகற்றி, செலவை அவரிடமே வசூலிக்கட்டும்.