முதலில் கேளுங்கள், பிறகு வெட்டுங்கள்!

"வேலை கொடுத்தோம், வரி கட்டினோம், வெட்டிய இடத்தில் கன்றும் நட்டோம். இனி எங்கள் கடமையில் என்ன பாக்கி?" மரம் வெட்டும் கம்பெனிகள் இப்படித்தான் கேட்கின்றன. நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால், பாக்கி எவ்வளவு என்பதைக் கடன்பட்டவனே தீர்மானித்துக் கொள்ளலாமா?

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவை ஒட்டி மியர்ஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கண்ட சீடார் மரங்கள் நிறைந்த இடம். அங்கே மரம் வெட்ட மாகாண சர்க்கார் மக்மில்லன் புளோடெல் கம்பெனிக்கு உரிமை கொடுத்தது. கம்பெனியின் கணக்கில் மரம் என்றால் பலகை. முதிர்ந்ததை வெட்டிப் புதியதை நட்டால் நஷ்டமில்லை என்பது அவர்கள் கற்ற சாஸ்திரம்.

அங்குள்ள ஆதிகுடிகளான நூ-சா-நுல்த் மக்களின் கணக்கு வேறு. அவர்கள் நிற்கிற சீடாரில் பட்டை உரித்துப் பாயும் கூடையும் முடைவார்கள். உயிருள்ள மரத்திலிருந்தே பலகை பிளந்து எடுப்பார்கள். மரம் சாகாது, தழும்போடு வளரும். அந்தத் தழும்புதான் பாட்டனும் பூட்டனும் விட்டுச் சென்ற பத்திரம். கன்று நட்டால் அந்தப் பத்திரம் திரும்பி வருமா?

1984-ல் வெட்ட வந்தவர்களைக் கரையிலேயே சந்தித்தார் தலைவர் மோசஸ் மார்ட்டின். விருந்தாளியாக வரலாம், ரம்பத்தைப் படகிலேயே விட்டு வரவேண்டும் என்றார். 1985-ல் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. ஆனாலும் 1993-ல் சுற்று வட்டாரக் காடுகளில் பெரும் பகுதியை வெட்ட சர்க்கார் அனுமதித்தது. சாலையை மறித்து 800 பேருக்கு மேல் கைதானார்கள்.

அதன் பிறகே கம்பெனி இறங்கி வந்தது. 1990-களின் இறுதியில் ஆதிகுடிகளோடு சேர்ந்து புதுக் கம்பெனி அமைத்தது. அவர்களுக்கு 51 பங்கு; இதற்கு 49. பெயர் 'ஈசாக்', அவர்கள் மொழியில் 'மரியாதை' என்று பொருள். வெட்டுவது நிற்கவில்லை. எதைத் தொடக்கூடாது என்பது முதலில் முடிவாயிற்று. வியாபாரம் சுலபமாக நடக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஊர் அமைதி கண்டது.

தருமம் வேறு, மரியாதை வேறு. காட்டை வெட்டிய பிறகு பள்ளிக்கூடம் கட்டித் தருவது தருமம். காட்டில் கால் வைக்கும் முன்பே கேட்பது மரியாதை. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்கு, அடுத்தவன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் மனம் வேண்டும். அது இல்லாத கம்பெனி எத்தனை கோடி கன்று நட்டாலும் அதன் கடன் தீராது!