வரி மட்டும் போதாது
சீனாவிலிருந்து வரும் பயோடீசலில் மோசடி நடக்கிறது என்று ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் முறையிட்டால், போட்டியை ஒழிக்கத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சுயநலம் இருக்கிறதுதான், அதனாலேயே புகார் பொய்யாகிவிடாது. பொரித்து மிஞ்சிய எண்ணெயில் தயாரான எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்குக் கணக்கில் இருமடங்காக எண்ண ஐரோப்பிய ஒன்றிய விதி இடம் தருகிறது. புதுப் பாமாயிலைப் பழைய எண்ணெய் என்று எழுதிக்கொடுக்க இதைவிடத் தூண்டுதல் வேண்டுமா? இரண்டும் கலந்துவிட்டால் ஆய்வகத்திலும் பிரித்தறிவது கடினம்; சான்றிதழோ பெரும்பாலும் காகிதத்தை நம்பியே தரப்படுகிறது. 2025 பிப்ரவரியில் சீன பயோடீசல் மீது ஒன்றியம் விதித்த 10 முதல் 35.6 சதவீதம் வரையிலான பொருள்குவிப்புத் தடுப்பு வரி விலையைத்தான் சரிசெய்யும், பொய்ச் சான்றிதழைத் தொடாது. காடழித்து விளைவித்த எண்ணெய் பசுமை எரிபொருளாகக் கணக்கேறுவது கொடுமை. ஆலைக்குள் நுழைந்து சோதிக்க ஐரோப்பிய அதிகாரிகளை விடாத நாட்டின் சரக்கை அந்த இருமடங்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது.