கைகாட்டியைக் கழற்றும் முன்

ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1950-இல் லேலண்டுடன் ஒப்பந்தம், 1955-இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் மாற்றம் என்று அடுத்தடுத்து வர, எண்ணூர் என்றாலே லாரியும் பஸ்ஸும் என்றாகிவிட்டது. கார் பூட்டிய காலம் அங்கே மிகக் குறுகியது. அந்தக் காலத்து ஏ40-இன் கதவுத் தூணில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். ஸ்டீயரிங் நடுவிலுள்ள ஸ்விட்சைத் திருப்பினால், உள்ளே மடங்கியிருக்கும் சிறு கை விளக்கோடு வெளியே நீளும். டிராஃபிகேட்டர் என்பது அதன் பெயர். ரயில் பாதையோரக் கைகாட்டியின் தம்பி என்றால் வடசென்னைக்காரருக்கு உடனே விளங்கும். அது சிக்கிக்கொண்டால் வயரைத் துண்டித்து, பிளவைப் பட்டி போட்டு மூடி, மட்கார்டில் துளையிட்டு, மினுக்கும் விளக்கைப் பொருத்திவிடுவது நம் தொழிலில் எளிய வழியாகத் தெரிகிறது. அது அவசர வைத்தியம். நீளாத கைக்குக் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை, அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தில் இருக்கிறது.

உள்ளே இருப்பது ஒரு காயில், அதற்குள் ஓடும் இரும்புப் பிளஞ்சர், கையை ஓய்வில் பிடித்து வைக்கும் சிறு கொக்கி, 3 வாட் பல்ப். மின்சாரம் பாய்ந்ததும் பிளஞ்சர் முதலில் கொக்கியை விடுவிக்கிறது, பிறகு கையைத் தூக்குகிறது. இந்த இழுவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 9 வோல்ட் வந்தால் விசை முக்கால் பங்கு இருக்கும் என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் பதினாறில் ஒன்பது பங்குதான் இருக்கும், பாதிக்குச் சற்று மேல். பல்ப் மங்கலாகவேனும் எரிவதால் ‘கரண்ட் வருகிறது, கைதான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. செம்புக் கம்பியின் தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். மே மாத நண்பகலில் தூணுக்குள் 30 டிகிரி கூடினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காலையில் நீண்ட கை மதியம் மறுப்பதற்கு இதுவே போதும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உப்புக் காற்று ஓயாது. பழைய துணி உறை வயரின் முனையிலும், ஃபியூஸ் பெட்டியின் பித்தளைக் கவ்வியிலும், தூணின் எர்த் திருகிலும் பச்சைக் களிம்பும் துருவும் ஏறும். ஆகவே முதலில் எடுக்கவேண்டியது மல்டிமீட்டர். ஸ்விட்சைப் போட்ட நிலையில், காயில் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்து, பேட்டரி முனையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அது வரும் வழியில் தொலைகிறதா, எர்த் வழியில் தொலைகிறதா என்று தனித்தனியாகத் தேடவேண்டும். ஸ்டீயரிங் தண்டுக்குள் இறங்கும் வயரையும் விட்டுவிடக் கூடாது. அதன் பிறகே கையைத் தொடலாம். கீல் ஆணிக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும், கிரீஸ் வேண்டவே வேண்டாம். தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். பல்புக்குப் போகும் மெல்லிய வயர் கீலருகே மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கும். அங்கே தடித்த வயரைப் போட்டால் அதன் விறைப்பே கையைக் கீழே இறங்கவிடாது.

கைகாட்டி இன்றைய சாலையில் யார் கண்ணிலும் படாது என்பது வலுவான மறுப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஓட்டுநரின் உயரத்திலிருந்து 3 வாட் விளக்கு தெரியும் என்று நாமும் சொல்லமாட்டோம். சாலையில் ஓடும் காருக்கு மஞ்சள் மினுக்கு விளக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்காகக் கைகாட்டி சாகவேண்டியதில்லை. பம்பர் தாங்கியில் பட்டை வைத்து விளக்கைக் கட்டி, தனி ஃபியூஸும் தனி வயரும் கொடுத்தால், மட்கார்டில் துளை விழாது. பிற்காலத்தில் தடயமின்றிக் கழற்றலாம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த விதிகள், 50 ஆண்டு கடந்த வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய, அதன் மூல வடிவம் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் இருக்கக் கூடாது. ஒரு துளையை அப்படிப்பட்ட மாற்றம் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பட்டி போட்டு மூடிய பிளவு, ஆய்வாளர் மனதில் கேள்வியை எழுப்பும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் கார்க்காரர்.

புதிய விளக்கு என்றால் தொல்லையே இல்லை என்ற நினைப்பும் சரியல்ல. ஏ40 பாசிட்டிவ் எர்த் கார். காயிலுக்கு மின்சாரம் எந்தத் திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான். எலக்ட்ரானிக் பிளாஷருக்கு அப்படியல்ல, மாற்றிக் கொடுத்தால் எரிந்துபோகும். பழைய வகைச் சூட்டுப் பிளாஷரோடு எல்.இ.டி. விளக்கைச் சேர்த்தால், இழுக்கும் கரண்ட் போதாமல் அது ஒழுங்காக மினுக்காது.

காயிலே எரிந்துவிட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. துறைமுக மோட்டார்களுக்கும் ஆலை கான்டாக்டர்களுக்கும் காயில் கட்டும் கைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. இந்தச் சின்னக் காயில் அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. பழைய கம்பியை வெட்டி எறியாமல், சுற்றுகளை எண்ணி, கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, மறுபக்கத்துக் கை நன்றாக வேலை செய்தால் அதன் தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களையும், எந்தக் கார், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றை அட்டவணையாக வெளியிடுகிறோம்.